வேண்டாத தளங்களைத் தடுக்கும் ஹோஸ்ட்ஸ் பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "பையன் படிக்கிற நேரத்தில் ஒரு கேம் தளத்திலேயே கிடக்கிறான். அந்த ஒரு தளம் மட்டும் வராமல் செய்ய என்ன சாப்ட்வேர் வாங்க வேண்டும்?"

எதையும் வாங்க வேண்டாம் என்பேன். அதற்கான வசதி விண்டோஸுடன் சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல் அது. நோட்பேடில் திறந்து ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அதே பைலில் உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவரும் ஒரு வரி சேர்க்க முடியும். எனவே இந்த பைலைப் பயன்படுத்தத் தெரிவதோடு, அவ்வப்போது சோதித்துப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரும் எண்ணும்

ஓர் இணைய தளத்தை நாம் பெயரால் அழைக்கிறோம். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று ஐ.பி. முகவரி என்னும் எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. நீங்கள் தளத்தின் பெயரை டைப் செய்து என்டர் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று டி.என்.எஸ். சர்வர் ஒன்றிடம் உங்கள் கம்ப்யூட்டர் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

வெளியே கேட்பதற்கு முன்னால் தன்னிடம் உள்ள ஹோஸ்ட்ஸ் பைலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளும். வேறு யாரிடமும் கேட்காது. ஒருவரின் போன் நம்பர் வேண்டுமென்றால் முதலில் நம் வீட்டு டைரியைப் புரட்டுவோம் அல்லவா? அது போலத்தான். டைரியில் தவறான நம்பர் இருந்தால் போன் தவறான இடத்துக்குத்தான் போகும்.

இந்த டைரி இண்டர்நெட்டை விட மூத்தது. 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களும் எண்களும் ஒரே பைலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக ஒரே பைலில் சமாளிக்க முடியவில்லை. 1983ல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். ஆனாலும் பழைய பைல் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

தடுப்பது எப்படி?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் வழி ஒன்றுதான். பழகிப் பார்க்க எக்ஸாம்பிள்.காம் என்ற தளத்தை எடுத்துக்கொள்வோம். இது போன்ற விளக்கங்களுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது. முதலில் பிரவுசரில் அந்தத் தளம் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிரவுசரை மூடிவிடுங்கள்.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யவும். கிடைக்கும் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அனுமதி கேட்டால் எஸ் கொடுக்கவும்.

2. நோட்பேடின் பைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்து, சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று வரிசையாகப் போல்டர்களைத் திறக்கவும். டிரைவர்ஸ் போல்டருக்குள் இ, டி, சி என்ற மூன்று எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சிறிய போல்டர் ஒன்று இருக்கும். அதற்குள் செல்லவும்.

3. போல்டர் காலியாகத் தெரிகிறதா? பயப்பட வேண்டாம். கீழே டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ் என்று இருப்பதை ஆல் பைல்ஸ் என மாற்றுங்கள். ஹோஸ்ட்ஸ் என்ற பைல் தெரியும். அதன் பெயருக்குப் பின்னால் புள்ளியோ டி.எக்ஸ்.டி. என்ற எழுத்துகளோ இருக்காது.

4. திறப்பதற்கு முன் அதன் மீது ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்து வையுங்கள். ஏதாவது தவறிப் போனால் இந்தப் பிரதி உதவும்.

5. பைலைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே புதிய வரியில் 0.0.0.0 என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு எக்ஸாம்பிள்.காம் என்று ஆங்கில எழுத்தில் அமைக்கவும். அடுத்த வரியிலும் அதே போல 0.0.0.0 டைப் செய்து, இம்முறை தளத்தின் பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும் சேர்க்கவும். இரண்டும் தனித்தனிப் பெயர்கள் என்பதால் இரண்டு வரிகள் தேவை.

6. கண்ட்ரோல் மற்றும் எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தி சேவ் செய்யவும். புதிய பெயர் கேட்டு ஒரு விண்டோ வந்தால், நோட்பேட் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறக்கப்படவில்லை என்று பொருள். கேன்சல் செய்து முதலில் இருந்து தொடங்குங்கள். சில ஆன்டி வைரஸ் புரோகிராம்களும் இந்த பைலைக் காவல் காக்கும். அவை கேட்டால் அனுமதி தர வேண்டும்.

இனி பிரவுசரைத் திறந்து அதே தளத்தைக் கேளுங்கள். தளத்தை அடைய முடியவில்லை என்ற செய்திதான் வரும். பழைய பக்கமே வந்தால் கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யவும்.

0.0.0.0 என்பது எந்தத் தளத்துக்கும் உரியதல்லாத எண். சில விளக்கங்களில் 127.0.0.1 என்று தந்திருப்பார்கள். அது உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும். தளத்தைத் தடுக்க இரண்டும் உதவும். தடையை நீக்க வேண்டுமா? அந்த வரியின் தொடக்கத்தில் # என்ற குறியைச் சேர்த்து சேவ் செய்யுங்கள். இந்தக் குறியில் தொடங்கும் வரியை விண்டோஸ் படிக்காது.

பிறர் எழுதிய வரிகள்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டரை உதிரி பாகங்களாக வாங்கி ஒருவரிடம் அசெம்பிள் செய்து வைத்திருந்தார். அதில் ஏற்கெனவே போட்டிருந்த ஒரு சாப்ட்வேர் திருட்டுப் பிரதி என்று தெரிந்ததும் மனம் ஒப்பாமல், ஓய்வூதியப் பணத்தில் முறையான பிரதியை வாங்கினார். அதற்குரிய எண்ணை எத்தனை முறை கொடுத்தாலும் பதிவாகவில்லை. மூன்று நாட்கள் போனில் அலைந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சும்மா வந்தது ஓடியது. காசு கொடுத்து வாங்கியது ஓட மாட்டேன் என்கிறதே" என்றார்.

ஹோஸ்ட்ஸ் பைலைத் திறந்து பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பதிவு சர்வர்களின் பெயர்கள் வரிசையாகத் தடுக்கப்பட்டிருந்தன. திருட்டுப் பிரதியைப் போட்டவர், அது பிடிபடாமல் இருக்கச் செய்த வேலை. அந்த வரிகளை நீக்கினேன். அடுத்த நிமிடம் அவருடைய எண் பதிவாகிவிட்டது.

இது பண நஷ்டத்தோடு போயிருக்கும். இதைவிட மோசமானதும் நடக்கும். 2004 ஜனவரியில் பரவிய மைடூம் வைரஸின் இரண்டாவது வகை, ஆன்டி வைரஸ் நிறுவனங்களின் தளங்களை ஹோஸ்ட்ஸ் பைல் வழியாகத் தடுத்தது. நோய் வந்தவர் மருந்துக் கடைக்குப் போகாமல் வழியை அடைப்பது போன்ற வேலை. இன்னொரு வகைத் திருடர்கள் உங்கள் வங்கியின் பெயருக்கு எதிரே தங்கள் சர்வரின் எண்ணை எழுதிவிடுவார்கள். நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாக டைப் செய்தாலும் போலித் தளத்துக்குத்தான் போவீர்கள். அப்போது பிரவுசர் பெரும்பாலும் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கும். வங்கித் தளத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

எனவே இப்போதே உங்கள் ஹோஸ்ட்ஸ் பைலைத் திறந்து பாருங்கள். புதிய விண்டோஸில் எல்லா வரிகளும் # குறியில்தான் தொடங்கும். அந்தக் குறி இல்லாத, நீங்கள் எழுதாத வரி இருந்தால் அது எப்படி வந்தது என்று விசாரியுங்கள். சில மென்பொருள்கள் தங்கள் தேவைக்காக வரி சேர்ப்பதும் உண்டு. புரியாவிட்டால், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எதைச் செய்யாது?

ஹோஸ்ட்ஸ் பைலுக்கு முழுப் பெயர் மட்டுமே தெரியும். ஒரு தளத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடியாது. யூடியூபில் ஒரு வீடியோவை மட்டும் தடுக்கவும் முடியாது. நட்சத்திரக் குறி போட்டு ஒரு தளத்தின் கிளைப் பெயர்களை மொத்தமாகப் பிடிக்கவும் வழியில்லை. ப்ராக்ஸி அல்லது வி.பி.என். வழியாகச் சென்றால் இந்தத் தடை பயன்படாமல் போகலாம்.

விளம்பரத் தளங்களின் பெயர்களைத் தொகுத்து இலவசமாகத் தரும் நீண்ட பட்டியல்களும் உண்டு. ஸ்டீவன் பிளாக் கிட்ஹப் தளத்தில் தரும் பட்டியல் பலருக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு மூன்று வரிகளை நீங்களே எழுதிப் பழகிய பிறகு அவற்றிடம் போகலாம். மைக்ரோசாப்ட்டின் சொந்த சர்வர்களைத் தடுத்தால், 2020 முதல் விண்டோஸ் டிபண்டர் அதை ஆபத்து என்று எச்சரிக்கிறது.

குழந்தைகளுக்காகத் தடுக்கிறீர்கள் என்றால், அவர்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுண்ட் ஒன்றை அமைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் பையன் பத்தே நிமிடத்தில் வரியை நீக்கிவிடுவான். வீட்டில் உள்ள போன்களுக்கும் சேர்த்துத் தடை வேண்டுமானால் ரௌட்டரில் டி.என்.எஸ். எண்ணை மாற்றலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020ல் அறிமுகம் செய்த 1.1.1.3 என்ற இலவச சேவை, வைரஸ் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் தடுக்கும். ஆனால் போன் தன் சொந்த டேட்டாவுக்கு மாறிவிட்டால் ரௌட்டரின் தடை அதற்குப் பொருந்தாது.

எந்தத் தளத்தை ஏன் தடுத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மாதம் ஒரு முறை ஹோஸ்ட்ஸ் பைலைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நீங்கள் அறிந்ததுதானா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.