கரன்ட் கம்பியில் ஒரு கிசுகிசு

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

"பையனுக்கு எங்கே வேலை?"

"பாங்க்ல!"

"என்னது, மாங்காவா?"

"பாங்க் சார், பாங்க்!"

மூன்றாவது தடவை விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரான்ஸில் சுமார் 3.5 கோடி மின்சார மீட்டர்கள் தினமும் செய்வது இதைத்தான். பெயர், லிங்கி. 2015 கடைசியில் ஆரம்பித்து 2021 முடிவதற்குள் அனேகமாக எல்லா வீட்டிலும் மாட்டிவிட்டார்கள். ரீடிங் எடுக்க ஆள் வருவதில்லை, தனி ஒயரும் கிடையாது. வீட்டுக்கு 230 வோல்ட் வருகிற அதே கம்பியில் கணக்கு தெரு டிரான்ஸ்பார்மர் வரை போகிறது. அங்கே ஒரு பெட்டி எல்லாவற்றையும் திரட்டி, செல்போன் நெட்வொர்க்கில் அனுப்பிவிடுகிறது.

ஆனால் அந்தக் கம்பி பேசுவதற்காகப் போட்டதில்லையே! மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, மிக்ஸி, மாடியில் சோலார் இன்வெர்ட்டர்... ஆளாளுக்குக் கரகரப்பைக் கொட்டுகிறார்கள். விளக்கை மங்கலாக்கும் டிம்மர் இருக்கிறதே, அது விநாடிக்கு 100 தடவை டப் டப்பென்று தட்டும்.

இந்தச் சந்தை இரைச்சலில் எவ்வளவு பேச முடியும்? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் 1948-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். அலைவரிசையின் அகலமும், சிக்னல் இரைச்சலைப் போல் எத்தனை மடங்கு என்பதும் தெரிந்தால் போதும், உச்சவரம்பு வந்துவிடும். ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். லிங்கிக்கு அகலம் சுமார் 56 கிலோஹெர்ட்ஸ். சிக்னல் 15 மடங்கு என்றால் விநாடிக்கு 2,24,000 பிட். இரண்டும் சமம் என்றால் 56,000. இரைச்சல் 100 மடங்கு ஓங்கிவிட்டால்? அவ்வளவுதான், பூஜ்யம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை சார், சுமார் 800 பிட்! ஒரு தெருவின் தினக் கணக்குக்கு அது போதும். (ஷானனின் இரைச்சல் ஒரே சீரான மழை, நிஜக் கம்பியில் பெய்வது ஆலங்கட்டி. அதனால் இதெல்லாம் உத்தேசம்தான்.)

இன்னும் உரக்கக் கத்தலாமே என்றால், ஐரோப்பிய விதிமுறை வாயைப் பொத்துகிறது. அதனால் செய்தியை 36 சின்ன அலைகளில் பிரித்து அனுப்புகிறார்கள். எதில் இரைச்சல் அதிகமோ அதை விட்டுவிடலாம். நிலைமை ரொம்ப மோசமானால் ஒவ்வொரு பிட்டையும் நான்கு தடவை சொல்லலாம். அப்படியும் எட்டவில்லையா, பக்கத்து வீட்டு மீட்டர் காதில் வாங்கி மேலே தள்ளிவிடும்.

இத்தனையும் பலிக்காமல் மீட்டர் ஊமையாகிவிட்டால் பில் குத்துமதிப்பாகத்தான் வரும். அதைவிடச் சிக்கல், எந்த வீட்டு மாடியிலிருந்து எத்தனை சோலார் கரன்ட் தெருக் கம்பிக்குள் வருகிறது என்பது மின்சாரக்காரர்களுக்குத் தெரியாமல் போவது. சமயத்தில் அந்த மீட்டரின் வாயை அடைப்பதே, அதே மாடியின் சோலார் இன்வெர்ட்டர்தான்.