பிரீதர் வழி ஆயில் இழப்பு: பந்தயத் தடத்தில் ஓடும் கார்கள்

பிரீதர் வழி ஆயில் இழப்பு என்பது, எஞ்சினின் கிராங்க் அறையில் சேரும் வாயு வெளியேறும் மூச்சுக்குழாய் வழியே, அந்த வாயுவோடு எஞ்சின் ஆயிலும் கலந்து வெளியேறுவதைக் குறிக்கும். சாதாரணச் சாலையில் ஓடும் காரில் இது கவனத்துக்கு வராத அளவில்தான் இருக்கும். அதே காரைப் பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தினால், டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கியிருப்பது பலருக்கு அதிர்ச்சியளிக்கும். எஞ்சினுக்கு அடியில் ஒழுக்கு இல்லை, புகைக்குழாயில் நீலப்புகை இல்லை. ஆனால் ஆயில் குறைந்திருக்கும். போன வழி பெரும்பாலும் பிரீதராக இருக்கும்.

தமிழ்நாட்டில் கார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் அமைந்தது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் நினைவாக அதற்கு அப்பெயர். பந்தய வீரர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்களும் நடத்தப்படுகின்றன. இக்கட்டுரை பேசும் சிக்கல் பெரும்பாலும் அவர்களுக்கு உரியது. பந்தயத்துக்கென்றே கட்டிய காரில் இதற்கான ஏற்பாடு தொடக்கத்திலேயே இருக்கும். வீட்டுக் காரில் இருக்காது.

எஞ்சினுக்கு மூச்சுக்குழாய் எதற்கு?

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரியும் வாயுவில் சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் கசியும். மெக்கானிக்குகள் இதை 'ப்ளோ பை' என்பார்கள். இந்த வாயு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, கிராங்க் சீல், டேப்பட் கவர் கேஸ்கட், டிப் ஸ்டிக் துளை என எங்கு பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஆகவே எல்லா எஞ்சினுக்கும் ஒரு மூச்சு வழி உண்டு. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் நிற்கும் விசைப்படகுகளின் டீசல் எஞ்சினுக்கும் உண்டு. ஆயில் ஒழுகுகிறதே என்று பிரீதர் குழாயை அடைத்துவிடுவது, நோயைவிடக் கேடான வைத்தியம்.

பழைய கார்களிலும் லாரிகளிலும் இந்தக் குழாய் நேரே தரையை நோக்கித் திறந்திருந்தது. காற்று மாசு காரணமாக, 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பி.சி.வி. வால்வு புகுந்தது. இது கிராங்க் அறை வாயுவை எஞ்சின் காற்று உறிஞ்சும் பாதைக்கே திருப்பி எரித்துவிடுகிறது. இன்று இந்தியாவிலும் பெட்ரோல் காரின் கிராங்க் அறை வாயு வெளிக்காற்றில் கலக்கக் கூடாது என்பதே விதி.

இந்த அமைப்பு இரு வழிகளில் வேலை செய்கிறது. த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது இன்டேக் மேனிபோல்டில் வெற்றிடம் இருப்பதால் வாயு பி.சி.வி. வழியே இழுக்கப்படும். முழுத் த்ராட்டிலில் வெற்றிடம் இராது. வாயுவின் அளவோ அப்போதுதான் மிக அதிகம். அந்நேரம் வாயு, வழக்கமாகச் சுத்தக் காற்று உள்ளே வரும் இன்னொரு குழாயில் எதிர்த்திசையில் ஏறி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் கலக்கும். தடத்தில் கார் பெரும்பாலும் முழுத் த்ராட்டிலில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டாவது குழாய் ஆயிலில் நனைந்து கிடப்பதன் காரணம் விளங்கும்.

வளைவில் நடப்பது

வாயு மட்டும் வெளியேறினால் இழப்பு சிறிது. திரவமாகவே ஆயில் குழாய் வாய்க்கு வந்து சேரும்போதுதான் இழப்பு பெருகுகிறது. இதை ஒன்பதாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். வளைவில் செல்லும் காரின் பக்கவாட்டு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. கீரிப்பாறைப் பக்கம் மலைச்சாலையில் 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் பேருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். வினாடிக்கு 5.56 மீட்டர், அதன் வர்க்கம் சுமார் 31, பத்தால் வகுத்தால் 3.1. இது புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பேருந்தில் யாராவது தூக்குச்சட்டியில் வைத்திருக்கும் ரசத்தின் மேற்பரப்பு சுமார் 17 பாகை சாயும். மூடி இருந்தால் சிந்தாது.

தடத்தில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 80 கி.மீ. வேகத்தில் எடுத்தால், அதே கணக்கில் 9.9 வருகிறது. அதாவது புவியீர்ப்புக்குச் சமம், ஒரு 'ஜி'. ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாயும். ஆயில் பேனின் ஒரு பக்கச் சுவரில் ஆயில் ஏறி நிற்கும், மறுபக்கம் காலியாகும். சில வினாடிகள் நீடிக்கும் வளைவானால், டேப்பட் கவருக்குள் இருக்கும் ஆயிலும் ஒரு மூலையில் குவிந்து கீழே வடியாமல் தங்கும். பிரீதர் வாய் அந்த மூலையில் இருந்தால், வேகமாக வெளியேறும் வாயு ஆயிலை அள்ளிக்கொண்டு போகும். கடிகாரத் திசையில் ஓடும் தடத்தில் வலப்பக்க வளைவுகளே மிகுதி என்பதால் ஆயில் இடப்பக்கம் குவியும். ஒரே கார் ஒரு தடத்தில் ஆயிலைக் குடிப்பதும் இன்னொரு தடத்தில் குடிக்காததும் இதனால்தான்.

இழப்பைவிடப் பெரிய ஆபத்து பேனின் காலியான பக்கத்தில் இருக்கிறது. ஆயில் பம்பின் உறிஞ்சு வாய் அங்கே இருந்தால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். பேரிங் கெட எத்தனை வினாடி வேண்டும்? மட்டம் முன்பே குறைந்திருந்தால் மிகச் சில வினாடிகளே போதும். போர்ஷே 911 தொடக்கத்திலிருந்தே ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் 'டிரை சம்ப்' முறையைக் கையாண்டது. அது விலை கூடிய தீர்வு; வீட்டுக் காருக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் பார்க்க வேண்டியவை

கேட்ச் டேங்க் வாங்குவதற்கு முன் எஞ்சினின் உடல்நிலையைப் பார்ப்பதே முறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எத்தனை பெரிய தொட்டி வைத்தாலும் அது நிரம்பிக்கொண்டே இருக்கும். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், பழைய மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பார். நல்ல சோதனைதான், ஆனால் அளவு சொல்லாது. லீக் டவுன் சோதனையில், பிஸ்டன் மேல்நிலையில் இருக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று மானியில் படிக்கலாம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக நல்ல நிலை என்று கொள்வார்கள். ஆயில் மூடியருகே காது வைத்தால் 'உஸ்' என்று கேட்பது ரிங் வழிக் கசிவு.

பி.சி.வி. வால்வு சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது திறந்தபடியே நின்றுவிட்டால், பிரேக் பிடித்து கியர் இறக்கும்போது உண்டாகும் கடும் வெற்றிடம் ஆயிலை நேரே உறிஞ்சிவிடும். அப்படி உள்ளே போகும் ஆயில், பெட்ரோலின் ஆக்டேன் தன்மையைக் குறைத்து 'நாக்கிங்' உண்டாக்கும். டர்போ கார்களில் இன்டர்கூலரின் உட்புறம் முழுதும் படியும்.

ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவது இன்னொரு வழக்கமான பிழை. குறைகிறதே என்று கூடுதலாக ஊற்றினால், சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரை பிரீதரில் இன்னும் எளிதாக ஏறும்.

கேட்ச் டேங்க்

வாயுவையும் ஆயிலையும் பிரிக்கும் சிறு தொட்டியே கேட்ச் டேங்க். வெறும் காலித் தொட்டி பாதி வேலைதான் செய்யும். உள்ளே தடுப்புத் தகடுகளோ கம்பி வலையோ இருந்தால்தான் துளிகள் மோதி, ஒன்றுசேர்ந்து கீழே இறங்கும். குழாயின் விட்டம் பலர் எண்ணுவதைவிட முக்கியமானது. அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக மாற்றினால் பரப்பு 2.25 மடங்காகும், வாயுவின் வேகம் அதே அளவுக்குக் குறையும், மெதுவாகப் போகும் வாயு துளிகளைச் சுமக்காது. குழாய் எஞ்சினிலிருந்து மேல்நோக்கி ஏறிச் சென்றால், பாதி ஆயில் வழியிலேயே திரும்பி வடிந்துவிடும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே ஆயில் தேங்கி மூச்சை அடைக்கும். தொட்டியைப் புகைக்குழாய்க்கு மேலே பொருத்தக் கூடாது. சூடான குழாயில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் விதிகளில், கிராங்க் அறை வாயுவைத் திறந்த வழியில் விடும் காருக்கு 2000 சி.சி. வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். உள்ளிருப்பது வெளியே தெரிய வேண்டும். சாலையிலும் ஓடும் கார் என்றால் தொட்டியின் வெளிவழியை மீண்டும் காற்றுக்குழாயில் இணைப்பதே சட்டத்துக்கு உகந்தது.

தொட்டியில் சேர்ந்ததை மீண்டும் எஞ்சினில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு ப்ளோ பையோடு கீழே இறங்கி, தொட்டியில் குளிர்ந்து ஆயிலோடு சேரும். இரு பருவமழையும் பெறும் நாஞ்சில் நாட்டில், வடசேரி சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் கார்களின் ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவம் காணப்படுவதும் இதே நீரால்தான்.

தடத்தில் சிந்தினால்

தடத்தில் ஒரு காரின் பிரீதர் கக்கும் ஆயில், அந்தக் காரைவிடப் பின்னால் வருபவருக்கே அதிகக் கேடு. அது தன் பின்சக்கரத்திலேயே பட்டுச் சுழல்வதும் உண்டு. ஆயில் சிந்திய இடத்தில் மார்ஷல்கள் மஞ்சளில் சிவப்புச் செங்குத்துக் கோடுகள் உள்ள கொடியைக் காட்டுவார்கள். சிந்தும் காருக்கு, கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உள்ள கொடி. அது காட்டப்பட்டால் பிட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். இதே தடங்களில் மோட்டார் சைக்கிள்களும் ஓடுகின்றன. இரு சக்கரத்தில் வளைவில் சாய்ந்து வருபவருக்கு ஒரு கைப்பிடி ஆயிலே போதும்.

ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரே அளவு நேரம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. தொட்டியில் சேர்ந்ததையும் அளவுக் குவளையில் அளந்து எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஆயில் போகும் வழி பிரீதர்தான். தொட்டியில் சேர்ந்ததைவிட எஞ்சினில் குறைந்தது அதிகம் என்றால், ரிங்கிலோ வால்வு சீலிலோ ஆயில் எரிகிறது. பல கார்களில் டிப் ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு இடையே உள்ளது சுமார் ஒரு லிட்டர்தான். நாகர்கோவிலிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றவர், மாலையில் அதே எஞ்சினோடு 700 கி.மீ. அளவுக்குத் திரும்பி வர வேண்டும். கிளம்பும் முன் தொட்டியைக் காலி செய்து, அதே தர ஆயிலை மேல் கோடு வரை ஊற்றிக்கொள்வார்கள். மதுரை தாண்டும்போது ஒருமுறை நிறுத்தி மீண்டும் பார்ப்பார்கள்.