டெய்லர் மகளும் கல்லூரித் தலைவி ஆகலாம்!

மாணவர் தேர்தலில் 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது

கல்லூரியில் மாணவர் தேர்தல். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியின் மகன். இன்னொருவர், அதே கம்பெனியில் தைக்கும் டெய்லரின் மகள்.

முதலாளி மகன் பத்து கார்களில் ஆள் திரட்டி வரலாம். சுவர் முழுவதும் போஸ்டர் ஒட்டலாம். வகுப்பு வகுப்பாகப் பிரியாணி போடலாம். டெய்லர் மகளால் முடியுமா? சனிக்கிழமை வரும் சம்பளம் வீட்டு வாடகைக்கும், மளிகைக் கடைக்குமே சரியாகிவிடும். அப்படியானால் ஓட்டுப் போடும் முன்பே முடிவு தெரிந்துவிடுமே!

அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதிகள் எப்படி வந்தன?

கல்லூரித் தேர்தல்களில் பணமும், அடிதடியும் பெருகின. கேரளப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டு சொன்னபடி, மத்திய அரசு 2005-ம் ஆண்டு ஒரு கமிட்டியை அமைத்தது.

கமிட்டியின் தலைவர் ஜே.எம்.லிங்டோ. மேகாலயாவைச் சேர்ந்தவர். 2001 முதல் 2004 வரை நாட்டின் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்.

2006 மே மாதம் லிங்டோ கமிட்டி அறிக்கை கொடுத்தது. மூன்று மாதத்தில் ஒரு பயங்கரம் நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள உஜ்ஜயின் நகரின் மாதவ் கல்லூரியில், மாணவர் தேர்தல் தகராறு முற்றியது. பேராசிரியர் சபர்வால் தாக்குதலுக்கு ஆளாகி உயிர் இழந்தார். வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2009-ல் விடுதலை ஆனார்கள்.

2006 செப்டம்பர் 22-ந் தேதி, லிங்டோ கமிட்டியின் சிபாரிசுகளை அமல் நடத்தும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

என்ன செய்யக்கூடாது?

ஒரு வேட்பாளர் 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. தேர்தல் முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். வரம்பு மீறினால் வெற்றி செல்லாது.

அச்சடித்த போஸ்டர் கூடாது. அச்சடித்த நோட்டீசும் கூடாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டுமே ஒட்டலாம். அதையும் கல்லூரி குறிப்பிட்ட இடத்தில்தான் ஒட்ட வேண்டும்.

சட்டசபைத் தேர்தல் வந்தால் கட்சிச் சின்னம் போட்ட பனியனுக்குத் திருப்பூரில் ஆர்டர் வருவது உண்டு. கல்லூரித் தேர்தலில் அந்த வேலைக்கு இடம் இல்லை. அச்சடித்த எதுவுமே பிரசாரத்துக்கு ஆகாது. ஒரு பனியன் 100 ரூபாய் என்றாலும், 50 பனியனில் 5 ஆயிரம் தீர்ந்துவிடுமே!

ஒலிபெருக்கி கூடாது. கார், லாரி ஊர்வலம் கூடாது. சாதியையோ மதத்தையோ சொல்லி ஓட்டுக் கேட்கக்கூடாது. அந்தக் கல்லூரியில் படிக்காத வெளியாள் எவரும் தேர்தலில் தலையிடக்கூடாது.

யார் நிற்கலாம்?

பட்டப் படிப்பு மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். போட்டியிடும் ஆண்டில் "அரியர்" இருக்கக்கூடாது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக்கூடாது.

இரவு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டு, பகலில் கல்லூரிக்கு மட்டம் போடும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வருகை குறைந்தால் பரீட்சைக்கு மட்டும் அல்ல, தேர்தலுக்கும் ஆபத்து!

மனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிப்பு வரை, எல்லாம் 10 நாளில் முடிய வேண்டும். படிப்புக் கெடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

புகார்களை விசாரிக்க ஒரு குழு உண்டு. அதில் ஆசிரியர், அதிகாரி மட்டும் அல்ல, கடைசி ஆண்டு மாணவர் ஒருவரும், மாணவி ஒருவரும் இருக்க வேண்டும்.

விதி மீறினால்?

2024-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுவர் எல்லாம் வேட்பாளர்களின் பெயர். தெரு எல்லாம் போஸ்டர் குப்பை. செப்டம்பர் 27-ந் தேதி ஓட்டுப் போட்டார்கள். ஆனால், சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை ஓட்டு எண்ணக்கூடாது என்று ஐகோர்ட்டு தடுத்துவிட்டது. நவம்பர் 25-ந் தேதிதான் எண்ணினார்கள். இரண்டு மாதம் காத்திருப்பு!

அதே டெல்லியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மாணவர்களே தேர்தல் கமிஷன் அமைப்பார்கள். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் ஒரே மேடையில் ஏறிப் பேசுவார்கள். மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பணம் எதற்கு? வாய்ச் சொல்லும் தைரியமும் போதும். ஆனால் லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008-ல் அங்கே தேர்தலை சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தியது. சில விதிகளைத் தளர்த்திய பிறகு, 2012-ல்தான் மறுபடியும் தேர்தல் நடந்தது. விதி தேர்தலைக் காக்க வேண்டும். தேர்தலையே முடக்கிவிடக்கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

தேர்தலே இல்லாவிட்டால்?

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடப்பதில்லை. நிர்வாகமே பிரதிநிதிகளை நியமிக்கிறது. "தேர்தல் வைத்தால் சண்டை வரும்" என்பது பல பெற்றோரின் பயம். உஜ்ஜயினில் நடந்ததைக் கேட்டால், அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

லிங்டோ கமிட்டியும் அதை யோசித்தது. சூழ்நிலை சரி இல்லாத இடத்தில் நியமனம் செய்து கொள்ளலாம் என்றது. ஆனால், அது தற்காலிகம்தான். ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஐந்து ஆண்டு கெடு 2011-லேயே முடிந்துவிட்டது!

1989-ல் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று 18 வயதுப் பெண் பார்லிமெண்டுக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறாள். தன் கல்லூரியில் குடிதண்ணீர் வரவில்லை, பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று எடுத்துச் சொல்ல ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க அவளுக்குத் தெரியாதா?

பெற்றோர் இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் மாணவர் பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தேர்தல் நடந்தால், செலவுக் கணக்கைக் கல்லூரி வெளியிட்டதா என்றும் கேளுங்கள். இதைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியது இல்லை. தறி ஓட்டுகிறவரும் கேட்கலாம். செக்கிங் வேலை செய்யும் தாயும் கேட்கலாம்.

உங்கள் மகள் போட்டியிட விரும்பினால், தடுக்க வேண்டாம். நாலு அட்டையும், மை பேனாவும் வாங்கிக் கொடுங்கள். போஸ்டரை அவளே எழுதிக் கொள்ளட்டும்!