புள்ளி கோடாகும் கண்

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அப்புள்ளியைப் புள்ளியாகக் காண இயலாத கண்களும் உள. பள்ளிப் பாடநூல் ‘பார்வைச் சிதறல் குறைபாடு’ என்றும், மருத்துவர் ‘அஸ்டிக்மாட்டிசம்’ என்றும் கூறுவது இதனையே. கிரேக்க வேரின்படி அச்சொல்லுக்குப் ‘புள்ளியின்மை’ என்பதே பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்!

கண்ணுக்குள் புகும் ஒளியைப் பெரும்பகுதி வளைப்பது கார்னியா என்னும் கருவிழிப்படலம். அது பந்தின் பரப்பைப்போல் எத்திசையிலும் ஒரே வளைவுடையதாயின் ஒளி ஒரு புள்ளியில் குவியும். கரண்டியின் முதுகைப்போல் ஒரு திசையில் மிகுதியாகவும் மறுதிசையில் குறைவாகவும் வளைந்திருப்பின், புள்ளி கோடாக நீளும். ‘ப’ என்னும் எழுத்தின் நிமிர்ந்த கோடுகள் தெளிவாயிருக்க, அடிக்கோடு மங்கித் தோன்றலாம். அருகிலும் தொலைவிலும் இம்மயக்கம் உண்டு.

பின்னாளில் இங்கிலாந்தின் அரசு வானியலராக விளங்கிய ஜார்ஜ் ஏரி, படிக்கும்போது தம் இடக்கண் பயன்படாதிருப்பதை உணர்ந்தார். அட்டையிலிட்ட நுண்துளையின் ஒளி அக்கண்ணுக்குக் கோடாகத் தெரிவதை அளந்து, அதற்கேற்ற உருளைவில்லையைக் கணக்கிட்டு 1825இல் அறிவித்தார்.

அறிஞர் தாமே உணர்ந்தார், சிறுவன் உணரான். பிறவியிலிருந்தே அப்படிக் காண்பவன் உலகமே அத்தகையது என்றெண்ணுவான். கரும்பலகையைக் கண்சுருக்கிப் பார்ப்பான், தலைவலி என்பான், ‘படிப்பு ஏறாதவன்’ என்னும் பெயரையும் சுமப்பான். குறைபாடு மிகுதியாயிருந்து ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி அணியாவிடில், மூளை அக்கண்ணின் தெளிவற்ற பிம்பத்தைப் புறக்கணிக்கப் பழகிவிடும். பின்னர் அணியும் கண்ணாடி முழுப்பயன் தருவதரிது. ஆகவே பள்ளியில் சேர்க்கும் பருவத்திலேயே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதித்தல் வேண்டும்.

பெரியவர்க்கு இது பிற்காலத்திலும் வரலாம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் பருத்தி, மக்காச்சோளக் கொல்லைகளில் நெடுங்காலம் வெயிலில் உழைப்போர்க்குக் கண்ணில் சதை வளர்தலுண்டு. அச்சதை கருவிழிமேல் படரும்போது வளைவைத் திரித்துவிடும். பூவிழுந்ததாகக் கருதி வாளாவிருத்தல் தகாது. மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்பது உருளைவில்லையின் திறன். ‘ஆக்சிஸ்’ என்பது அது நிற்கவேண்டிய கோணம். பலர் முன்னதை நோக்கிப் பின்னதை மறப்பர். கண்ணுக்கு முன் வில்லை 30 பாகை திரும்பி நின்றால், திருத்தியதனால் வந்த பயன் அற்றுப்போகும். சட்டம் கோணிய கண்ணாடியைக் கடையில் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளச் சில நிமிடங்களே ஆகும்.