வண்ணங்களோடு வந்த விருந்தினர்

பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடப்பது தமிழர்க்குப் புதிதன்று. நம் வாடிக்கையாளர் பலருடைய பிள்ளைகள் இன்று அயல்நாடுகளில் பணியாற்றுகின்றனர்; அவர்கள் அனுப்பும் தொகை நம் கிளைகளின் வழியே இல்லங்களைச் சென்றடைகிறது. ஆனால், கலையை மட்டும் துணையாகக் கொண்டு வேற்று நாட்டுக்கு வந்து, அங்கேயே தங்கித் தம் படைப்பைச் செய்யும் கலைஞர்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெங்களூருவில் அத்தகையோர் நெடுங்காலமாக வந்து தங்குகின்றனர். அவர்களுடைய அன்றாட வாழ்வில் வங்கிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், அவர்களைப் பற்றி எழுத விழைந்தோம்.

கனகபுரா சாலையில் ஓர் ஓவியர்

இவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக். 1904ஆம் ஆண்டு ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை நிக்கலாய் ரோரிக்கும் புகழ்பெற்ற ஓவியர். அக்குடும்பம் 1928இல் இமயமலைச் சாரலில், குலு பள்ளத்தாக்கின் நக்கர் என்னும் ஊரில் குடியேறியது. 1945இல் ஸ்வெதஸ்லாவ், திரையுலகில் பெரும்புகழ் பெற்றிருந்த தேவிகா ராணியை மணந்தார். பின்னர் இருவரும் பெங்களூருவுக்கு வந்து, கனகபுரா சாலையில் உள்ள தாதகுணி தோட்டத்தைத் தம் இல்லமாக்கிக் கொண்டனர்.

நானூற்று அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட அத்தோட்டத்தில் லினலோ மரங்கள் வளர்க்கப்பட்டன. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்திலிருந்து கிடைக்கும் நறுமண எண்ணெய் வாசனைப் பொருள்கள் செய்யப் பயன்படுவது. மரமும் அயல்நாட்டது, வளர்த்தவரும் அயல்நாட்டவர். இரண்டும் கர்நாடக மண்ணில் நன்கு வேரூன்றின. ஓவியத்தின் வருவாய் மழையைப் போன்றது. எப்போது பெய்யும் என்று சொல்ல இயலாது. தோட்டத்தின் வருவாயோ கிணற்று நீரைப் போன்றது. கலைஞர் ஒருவர் இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டதை, வங்கியில் பணிபுரியும் நாம் வியப்போடு நோக்குகிறோம்.

இமயத்தின் சிகரங்களைத் தீட்டிய அதே கை, தென்னாட்டு உழவரையும் பெண்களையும் செம்மண் நிலத்தையும் தீட்டியது. அவர் வரைந்த நேருவின் உருவப்படம் நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் இடம்பெற்றது. 1961இல் பத்ம பூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1960இல் தொடங்கப்பெற்ற கர்நாடக சித்ரகலா பரிஷத்துக்கு அவர் உற்ற துணையாக விளங்கினார். தந்தை, மகன் இருவரின் ஓவியங்களையும் இன்றும் அங்கே காணலாம்.

1993 ஜனவரியில் ரோரிக் மறைந்தார். 1994 மார்ச்சில் தேவிகா ராணியும் மறைந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. தோட்டத்தின் மீது உரிமைக் கோரிக்கைகளும் வழக்குகளும் எழுந்தன. தோட்டத்தையும் கலைச் செல்வத்தையும் காக்கும் பொருட்டுக் கர்நாடக அரசு 1996இல் தனிச்சட்டம் இயற்றிக் கையகப்படுத்த வேண்டியதாயிற்று. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது 2011 ஆகஸ்டில்தான். ஓவியர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இன்றைய விருந்தினர்

ரோரிக் வந்து நிலைத்துவிட்டவர். இன்று வருவோர் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ தங்குபவர்கள். சாந்திநகர்ப் பகுதியில், கலை வரலாற்றறிஞர் சுரேஷ் ஜெயராம் 2003இல் நிறுவிய ‘1 சாந்தி ரோடு’ அத்தகையோர்க்கு இடமளிக்கும் இல்லங்களுள் ஒன்று. மாக்ஸ் முல்லர் பவனும் ஜெர்மனியிலிருந்து கலைஞர்களை வரவழைத்து, நகரின் பல்வேறு அமைப்புகளோடு இணைந்து பணியாற்றச் செய்கிறது.

இவர்களுடைய நாள் பெரும்பாலும் தர்ஷினி உணவகத்தில், நின்றபடியே அருந்தும் காப்பியோடு தொடங்குகிறது. தாள் வேண்டுவோர் அவென்யூ சாலைக்கும், துணி வேண்டுவோர் சிக்பேட்டைக்கும், ஒலிக்கருவிகளின் உதிரிப் பாகங்கள் தேடுவோர் எஸ்.பி. சாலைக்கும் செல்கின்றனர். ஒரே தெருவில் கன்னடமும் தமிழும் உருதும் தெலுங்கும் கேட்பது அவர்களுக்குத் திகைப்பு. அதுவே பின்னர்ப் படைப்புக்குக் கருவாவதும் உண்டு. மற்றொரு திகைப்பு, இளநீர்க் கடையில் தொங்கும் கியூ.ஆர். அட்டை. கையில் அயல்நாட்டு அட்டை இருந்தும் ஓர் இளநீர் வாங்க இயலாத நிலை! வெளிநாட்டுப் பயணிகளுக்காக 2023இல் வந்த ‘யு.பி.ஐ. ஒன் வேர்ல்ட்’ வசதி இக்குறையைப் போக்குவதற்கானது.

ஒரு காசோலையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளைக்கு ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வந்தார். இந்தியாவுக்கு வருகை தரும் அயல்நாட்டவர், தம் நாட்டிலிருந்து வங்கி வழியே தருவித்த பணத்தைக் கொண்டோ, உடன் கொணர்ந்த அயல்நாட்டுப் பணத்தை மாற்றியோ என்.ஆர்.ஓ. கணக்குத் தொடங்கலாம். அவரும் அவ்வாறே தொடங்கியிருந்தார். நான்கு மாதங்கள் முடிந்து ஊர் திரும்ப இரு நாள்கள் இருந்தபோது, இங்கே ஆற்றிய ஓர் உரைக்காகக் கிடைத்த காசோலையைக் கணக்கில் சேர்க்கக் கொண்டுவந்தார்.

நாம் அவரை அமரச் செய்து விளக்கினோம். கணக்கு ஆறு மாதங்களுக்கு மேற்படாமல் இருந்து, வட்டியைத் தவிர உள்நாட்டு வரவு எதுவும் அதில் சேராதிருந்தால், புறப்படும் வேளையில் மீதித் தொகையை எளிதில் எடுத்துச் செல்லலாம். அச்சிறு காசோலை சேர்ந்துவிட்டாலோ, எஞ்சிய சேமிப்பு முழுவதற்கும் அந்த எளிய வழி அடைபடும். அவர் முகம் வாடியது. அத்தொகை சிறிதாயினும், தம் கலைக்கு இந்நாடு அளித்த முதல் ஊதியம் அது என்றார். இறுதியில், அழைத்த அமைப்பினரே காசோலையைத் திரும்பப் பெற்று, உரிய வரியைப் பிடித்தம் செய்து, அவருடைய நாட்டு வங்கிக்கு நேரே அனுப்ப ஒப்புக்கொண்டனர். சேமிப்பும் தடையின்றி அவரோடு சென்றது. கேட்காமல் சேர்த்திருந்தால் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம்.

நமக்கும் பொருந்துவன

நம் வாடிக்கையாளர் இல்லங்களிலிருந்தும் ஓவியரும் இசைவாணரும் அயல்நாடு செல்கின்றனர். இங்கு வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப விதி இடமளிக்கிறது. பெரும்பாலான நாடுகளுக்குச் செல்கையில் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டு செல்லலாம். மீதத்தைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்வதே பாதுகாப்பு. பணம் மாற்றிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். எந்த வரவையும் கணக்கில் சேர்க்குமுன் வங்கியில் ஒரு சொல் கேளுங்கள்.

இறுதியாக, தாதகுணி தோட்டம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை யாருக்கு என்பதைத் தெளிவான உயில் கூறட்டும். வந்த விருந்தினர் ஒருநாள் புறப்படுவர், நாமும் அவ்வாறே. விட்டுச் செல்வதை ஒழுங்குற வைத்துச் செல்வது, பின்வருவோர்க்கு நாம் செய்யும் நன்றி.