ஒரே நாளில் ஓய்வு

ஆடி முதல் நாள் சாயங்காலம் ஓமலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு நெருப்பு எரியும். முற்றிய தேங்காயை நார் போகத் தரையில் தேய்த்து மழமழவென்று ஆக்கி, கண்களில் ஒன்றைத் துளைத்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துக்கொள்வார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு சீவிய அழிஞ்சிக் குச்சியை அதே கண்ணில் இறுக்கி, ஓட்டின் மேல் மஞ்சள் பூசித் தீயில் காட்டுவார்கள். குச்சிதான் பிடி. ஓடு கருகி வெடிப்பு விடும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்து, உடைத்துப் பங்கு போடுவார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்ததாக ஒரு கதையை இதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தைத் தாண்டினால் இந்தத் தேங்காய் சுடும் பண்டிகையைக் கேள்விப்படாதவர்களே அதிகம். நட்பைப் பற்றி யோசிப்பவர்கள் இதில் பார்க்க வேண்டியது அந்தக் காத்திருப்பு. தேங்காய் வேகும்வரை யாரும் நகர முடியாது. குச்சியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

நட்பு தேய்ந்துபோனால் மனம் மாறிவிட்டது என்கிறோம். பெரும்பாலும் மனம் மாறுவதில்லை. ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் மற்றவருக்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். மானாவாரிக் காடுகளை நம்பிய காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மழை எல்லோர் காட்டிலும் ஒன்றாகப் பெய்தது. ஆடியில் கடலையும் சோளமும் விதைப்பதும், தையில் அறுவடை முடிந்து களம் காலியாவதும், கோடையில் கிணறு வற்றி ஏர் ஓய்வதும் ஊருக்கே ஒரே சமயத்தில் நடந்தன. ஆடிப்பெருக்கும் பொங்கலும் மாரியம்மன் பண்டிகையும் அந்த இடைவெளிகளில்தான் வந்து உட்கார்ந்தன. அதாவது, பருவம் முதலில் எல்லோர் கையையும் காலியாக்கிக் கொடுத்தது. பண்டிகை அவர்களை ஓரிடத்தில் சேர்த்தது.

கூடவே ஓய்ந்திருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கிறிஸ்டபல் யங், சேயூன் லிம் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கர்களை ஆராய்ந்து 2014ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாரம் முழுக்க நேரம் இருக்கிற வேலையில்லாதவர்களும் சனி ஞாயிறில்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்; வேலையில் இருப்பவர்களுக்குக் கிடைத்த கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றம் அவர்களுக்கும் கிடைத்தது. மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நாள்தான் அவர்களுக்கும் விடுமுறையாக இருந்திருக்கிறது. இதையே தலைகீழாகச் செய்து பார்த்த நாடு சோவியத் ஒன்றியம். எந்திரம் ஒருநாளும் நிற்கக் கூடாது என்று 1929ல் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்து, தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு நாட்கள் எண்ணிக்கையில் முன்பைவிட அதிகம்தான். ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், நண்பனுக்கு வேறொரு நாள். முணுமுணுப்பு பெருகியது, எந்திரங்களும் பழுதாயின. 1931ல் பொது ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு மாறி, 1940ல் பழைய ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள்.

ஆடி அழைப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதற்கு, சித்திரை வெயிலில் பிரசவம் கூடாது என்ற காரணத்தை எல்லோரும் சொல்வார்கள். அதன் இன்னொரு பலனை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒருத்தி வரும் மாதத்தில் அவளோடு படித்து, வேறு வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட தோழிகளும் வருகிறார்கள். கல்யாணத்தோடு முதலில் அறுந்துபோவது பெண்களின் நட்புதான். அதை முடிந்து வைக்க ஊர் கொடுத்திருந்த ஒரே மாதம் இது. இப்போது அந்த அழைப்பும் ஒரு சனி ஞாயிறாகச் சுருங்கி வருகிறது. அதை நான் சின்ன இழப்பாக எண்ணவில்லை.

உண்மையான நட்புக்குச் சந்திப்பே தேவையில்லை என்று ஒருவர் மறுக்கலாம். சங்க காலத்துக் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நண்பர்களானவர்கள். ஆனால் சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது ஆந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார் என்பதால்தான் அந்த நட்பு இன்றும் பேசப்படுகிறது. காணாத நட்பும் கடைசியில் ஒரு வருகையைக் கேட்டிருக்கிறது. அவர்கள் அபூர்வமான மனிதர்கள். மற்றவர்களுக்குக் கூடியிருக்கும் நேரம் வேண்டும். நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் கூடிக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். வாட்ஸப்பில் வரும் பொங்கல் வாழ்த்துப் படம் அந்தக் கணக்கில் சேராது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஆடி நெருப்பு அவரவர் தெருவில்தான் எரிகிறது. நம் தெருக்கள் சாதியால் பிரிந்தவை. கோயில் பண்டிகைகளிலும் யார் எங்கே நிற்கலாம் என்ற கோடு இருந்திருக்கிறது, பல இடங்களில் இன்றும் இருக்கிறது. இதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாராக இல்லை. பருவம் நேரத்தை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தது, ஊர்தான் அதைக் கூறுபோட்டது. ஆகவே சரிசெய்ய வேண்டியது அந்தக் கூறு. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே தறிப்பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டியவர்கள். சுட்ட தேங்காயில் ஒரு பங்கு அடுத்த தெரு வீட்டுக்கும் போகட்டும், ரம்ஜானுக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து பிரியாணி வருவதுபோல.

ஜலகண்டாபுரம், தாரமங்கலம் பக்கத்து விசைத்தறிகளும் நூற்பாலை ஷிஃப்டுகளும் ஓசூர், பெங்களூரு வேலைகளும் வந்தபின் மழை ஊருக்கு ஓய்வு கொடுப்பது குறைந்துவிட்டது. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறி நிற்கத்தானே செய்கிறது. ஆடி ஒன்று பெரும்பாலும் ஜூலை 17ல் வரும் என்பது ஒரு வருடம் முன்பே தெரிந்த விஷயம். அன்றைக்கு இரவு ஷிஃப்டில் இருப்பவர் இப்போதே ஒருவரிடம் பேசி மாற்றிக்கொண்டால், பெங்களூருவில் இருக்கும் நண்பனும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓமலூர் ஜங்ஷனில் வந்து இறங்கலாம். குச்சி சீவவும் தேங்காய் தேய்க்கவும் இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம்.