நின்ற இடம் அறிதல்

நுழையும் முன்

கருவி ஒன்று பாதியில் நின்றுவிட்டால், அதனைத் தட்டிப் பார்ப்பதும் மின்னிணைப்பைப் பிடுங்குவதும் பலரது வழக்கம். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அறிந்த பின்னர்ச் செயற்பட்டால் பல குறைகளை வீட்டிலேயே நீக்கிவிடலாம். கன்சோல் எனப்படும் வீட்டு விளையாட்டுக் கருவியில் ஒரு விளையாட்டை நிறுவும்போது ஏற்படும் தடைகளையும், அவற்றை நீக்கும் முறைகளையும் இப்பாடம் விளக்குகின்றது.

தீவில் ஒரு வீடு

இந்தியாவின் தென்கோடியாகிய இந்திரா முனை, பெரிய நிக்கோபார்த் தீவில் உள்ளது. அத்தீவின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர் கேம்பல் பே. 1969ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து இத்தீவில் குடியேற்றப்பட்டன. அவ்வாறு வந்தோருள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். விடுமுறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மாமா, பிள்ளைகளுக்கு ஒரு கன்சோல் வாங்கி வந்துள்ளார். தம்பி 50 கிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டைப் பதிவிறக்கத் தொடங்குகின்றான். நான்காம் நாள் காலையில் திரையில் 60 விழுக்காடு என்று தெரிகின்றது. மாலையிலும் அதே எண்ணே நிற்கின்றது.

“அக்கா, இதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போகிறேன்” என்கின்றான் தம்பி.

“பொறு தம்பி. எங்கே நின்றது என்று பார்க்காமல் அழிக்காதே” என்கின்றாள் அக்கா.

இருவருள் யார் கூறுவது சரி? அதனை அறிய, நிறுவல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

நிறுவலின் நான்கு படிகள்

கேம்பல் பேக்குப் பொருள்கள் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. ஒரு வீட்டுச் சாமான்கள் நூறு பெட்டிகளில் வருவதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டிகளின் பட்டியல் வீட்டுக்காரரிடம் இருக்கும். பெட்டிகள் வந்தவுடன் அவர் பட்டியலோடு ஒப்பிடுவார். ஒரு பெட்டி வராவிட்டாலோ உடைந்திருந்தாலோ, அதனை மட்டுமே மீண்டும் கேட்பார். நூறு பெட்டிகளையும் திருப்பி அனுப்பமாட்டார்.

விளையாட்டை நிறுவுவதும் இத்தகையதே. முதற்படி பெறுதல். விளையாட்டு முழுவதும் ஒரே கட்டாக வருவதில்லை. பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு இணையத்தின் வழியாகவோ வட்டிலிருந்தோ வருகின்றது. இரண்டாம் படி சரிபார்த்தல். ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. வந்த துண்டின் எண் அதனோடு பொருந்தாவிட்டால், கருவி அத்துண்டை ஏற்பதில்லை. மூன்றாம் படி எழுதுதல். சுருக்கி அனுப்பப்பட்ட தரவு விரிக்கப்பட்டுச் சேமிப்பகத்தில் எழுதப்படுகின்றது. நான்காம் படி புதுப்பித்தல். விளையாட்டு வெளிவந்த பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்கள் அதனோடு சேர்க்கப்படுகின்றன.

திரையில் தெரியும் விழுக்காடு இந்நான்கு படிகளையும் எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே, 99 விழுக்காட்டில் எண் நகராமல் இருப்பினும் உள்ளே எழுதும் பணி நடந்துகொண்டிருக்கலாம். எண் நிற்பது வேறு. பணி நிற்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே குறை நீக்கலின் முதற்பாடமாகும்.

வானிலிருந்து கடலடிக்கு

பதிவிறக்கத்தின் வேகம் ஊருக்கு ஊர் வேறுபடும். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உள்ளது. போர்ட் பிளேயருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கேம்பல் பே மேலும் 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அதனால் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் இணையத் தொடர்பு நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் செய்தி ஏறி இறங்க ஏறத்தாழக் கால் வினாடி ஆகும். கேள்வி சென்று விடை திரும்புவதற்கு அரை வினாடி ஆகும். அத்துடன், செயற்கைக்கோளின் கொள்ளளவைப் பல தீவுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றச் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடியிழை வடம் இடும் திட்டம் வகுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேயரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடத்தை 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இந்தியப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். போர்ட் பிளேயர், சுவராஜ் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களை அது இணைக்கின்றது. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே, வடத்தின் முழு நீளத்தையும் கடக்க நூறில் ஒரு பங்கு வினாடியைவிடச் சற்று மிகுதியான நேரமே போதும்.

எனினும், கரைக்கு வந்த வேகம் முழுவதும் ஒவ்வொரு வீட்டையும் அடைவதில்லை. கரையிலிருந்து வீடு வரை உள்ள இணைப்பு, வீட்டினர் எடுத்த திட்டம், ஒரே நேரத்தில் பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆகியவையும் வேகத்தை முடிவு செய்கின்றன.

கணக்கிட்டுப் பார்த்தல்

விளையாட்டின் அளவு பைட் கணக்கில் கூறப்படும். இணையத்தின் வேகமோ பிட் கணக்கில் கூறப்படும். ஒரு பைட் எட்டுப் பிட்டுகளைக் கொண்டது. இதனை மறப்பதால் பலர் தவறாகக் கணக்கிடுகின்றனர்.

50 கிகாபைட் என்பது 400 கிகாபிட், அதாவது 4,00,000 மெகாபிட் ஆகும். வேகம் வினாடிக்கு 50 மெகாபிட் எனில், 8,000 வினாடியில், ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் பதிவிறக்கம் முடியும். வேகம் 10 மெகாபிட் எனில் 11 மணி நேரம் ஆகும். வேகம் 1 மெகாபிட் எனில் 111 மணி நேரம், அதாவது நான்கரை நாளுக்கு மேல் ஆகும்.

தம்பியின் வீட்டில் வேகம் 1 மெகாபிட் எனக் கொள்ளலாம். அவன் பெற்ற 60 விழுக்காடு ஏறத்தாழ இரண்டே முக்கால் நாள் உழைப்பாகும். அழித்தல் என்னும் ஒரு பொத்தானை அழுத்தினால் அவ்வளவும் வீணாகும். வேகமான இணையம் உள்ள நகரத்தில் அழித்துத் தொடங்குவது சிறிய இழப்பு. தீவில் அதே செயல் பெரிய இழப்பு. அழித்தலை இறுதி வழியாகக் கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

எங்கே நின்றது?

நிறுவல் நிற்பதற்குரிய காரணங்களுள் நான்கு முதன்மையானவை.

இணையத் தடை: கைப்பேசியிலும் அதே இணைப்பில் பக்கங்கள் திறக்கவில்லை எனில், குறை கன்சோலில் இல்லை. கைப்பேசியின் தரவைப் பகிர்ந்து பதிவிறக்குவோர், நாளொன்றுக்குரிய அளவு முடிந்துவிட்டதா என்றும் பார்த்தல் வேண்டும். அளவு முடிந்தபின் வேகம் மிகவும் குறையுமாதலால், பதிவிறக்கம் நின்றதுபோலவே தோன்றும். சில வேளைகளில் விளையாட்டு நிறுவனத்தின் வழங்கியே பராமரிப்பில் இருக்கும். அப்போது காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

இடப் பற்றாக்குறை: கருவியின் மேல் எழுதப்பட்ட சேமிப்பளவு முழுவதும் விளையாட்டுகளுக்குக் கிடைப்பதில்லை. 825 கிகாபைட் எனக் குறிக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் 5 கருவியில், ஏறத்தாழ 667 கிகாபைட் மட்டுமே பயனருக்குரியது. மேலும், பிளேஸ்டேஷன் 4 போன்ற கருவிகளில் புதுப்பிப்பைச் சேர்க்கும்போது விளையாட்டின் படி ஒன்று தற்காலிகமாக எழுதப்படும். ஆகையால், விளையாட்டின் அளவைப் போல் இரு மடங்கு இடம் தேவைப்படலாம்.

வட்டில் குறை: கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் வட்டின்மேல் மாசு எளிதில் படியும். கைரேகையும் கீறலும் வாசிப்பைத் தடுக்கும். நிறுவல் ஒவ்வொரு முறையும் அதே விழுக்காட்டில் நின்றால், வட்டில் குறை இருக்கலாம் என்று ஐயுறலாம்.

மின்தடை: சேமிப்பகத்தில் தரவு எழுதப்படும்போது மின்சாரம் நின்றால், எழுதிய பகுதி சிதையக்கூடும். சில நேரங்களில் சேமிப்பகத்தின் அட்டவணையும் குழம்பும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் யு.பி.எஸ். கருவியைப் பயன்படுத்துதல் நன்று.

செய்ய வேண்டிய வரிசை

குறை நீக்கும்போது எளியதும் இழப்பற்றதும் முதலில் வர வேண்டும். கடினமானதும் இழப்புள்ளதும் கடைசியில் வர வேண்டும்.

1. திரையில் வந்துள்ள செய்தியையும் பிழை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. பதிவிறக்கப் பட்டியலைத் திறந்து, பெறும் படியில் நின்றதா, எழுதும் படியில் நின்றதா என்று காண்க.

2. எண் நகரவில்லை எனினும் அரை மணி நேரம் காத்திருக்க. பணி நடக்கும்போது மின்னிணைப்பைப் பிடுங்குதல் கூடாது.

3. பதிவிறக்கத்தை இடைநிறுத்தி மீண்டும் தொடர்க. அழித்தலும் இடைநிறுத்தலும் ஒன்றல்ல. இடைநிறுத்தினால் வந்த துண்டுகள் அப்படியே இருக்கும்.

4. ரௌட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இயக்குக. இயன்றால் கம்பியில்லா இணைப்புக்கு மாறாகக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துக.

5. சேமிப்பகத்தில் எஞ்சிய இடத்தைக் காண்க. விளையாடி முடித்த பழைய விளையாட்டொன்றை நீக்கி இடம் உண்டாக்குக.

6. வட்டினை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க. வட்டமாகத் துடைத்தல் கூடாது. வட்டிலிருந்து நிறுவும்போதே கருவி புதுப்பிப்பையும் இணையத்தில் தேடும். இணையம் மெதுவாக இருந்தால் அதனைத் துண்டித்துவிட்டு வட்டிலிருந்து நிறுவுக. பின்னர் இணைத்துப் புதுப்பிக்க.

7. கருவியைப் பட்டியலின் வழியே முறையாக அணைத்து மீண்டும் இயக்குக. குறை நீங்காவிடில் பெரியவர் ஒருவரின் துணையுடன் பாதுகாப்பு முறையில் இயக்குக. பிளேஸ்டேஷன் கருவியை அணைத்தபின், இரண்டாம் ஒலி கேட்கும் வரை மின்பொத்தானை அழுத்திப் பிடித்தால் அம்முறை தோன்றும். அதிலுள்ள தரவுத்தளத்தை மீண்டும் அமைக்கும் வசதி, சேமிப்பகத்தின் அட்டவணையை ஒழுங்குபடுத்தும். அதே பட்டியலில் கருவி முழுவதையும் அழிக்கும் வசதியும் இருப்பதால், ஒவ்வொரு வரியையும் படித்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

8. இவை அனைத்தும் பயன்தராதபோது மட்டுமே அந்த விளையாட்டை அழித்து மீண்டும் நிறுவுக. விளையாடியவரின் முன்னேற்றப் பதிவு தனியே சேமிக்கப்படுவதால், விளையாட்டை மட்டும் நீக்கினால் அப்பதிவு பொதுவாக அழிவதில்லை.

அக்காவும் தம்பியும்

அந்த வீட்டில் அக்காள் முதலில் தன் கைப்பேசியைப் பார்க்கின்றாள். அதிலும் பக்கங்கள் திறக்கவில்லை. தடை கன்சோலில் இல்லை என்பது ஒரே நிமிடத்தில் விளங்குகின்றது. தம்பி பதிவிறக்கத்தை இடைநிறுத்துகின்றான். ரௌட்டர் அணைக்கப்பட்டு மீண்டும் இயக்கப்படுகின்றது. கைப்பேசியில் பக்கங்கள் திறந்தபின் தம்பி பதிவிறக்கத்தைத் தொடர்கின்றான். சற்று நேரத்தில் 60 என்பது 61 ஆகின்றது.

“அழித்திருந்தால்?” என்று கேட்கின்றான் தம்பி.

“இந்நேரம் பூச்சியத்தில் நின்றிருப்பாய்” என்கின்றாள் அக்கா.

மின்விசிறி நின்றாலும் மிதிவண்டி நின்றாலும் இம்முறையே பொருந்தும். நின்ற இடத்தை முதலில் அறிதல், எளியதை முதலில் செய்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், மீட்க முடியாததைக் கடைசியில் வைத்தல் என்னும் நான்கும் குறை நீக்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாகும்.

அருஞ்சொற்பொருள்

நிறுவல் – கருவியில் ஒரு மென்பொருளை இயங்கும் நிலையில் அமைத்தல்
வடம் – தடித்த கயிறு. இங்குச் செய்தி செல்லும் கம்பி
வழங்கி – கேட்போருக்குத் தரவை அனுப்பும் கணினி
சேமிப்பகம் – தரவைச் சேர்த்து வைக்கும் பகுதி
நெறி – பின்பற்றத்தக்க முறை

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கடலடி 2. சேமிப்பகம் 3. பதிவிறக்கம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நிறுவலின் நான்கு படிகள் யாவை?
2. இடைநிறுத்தலுக்கும் அழித்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. தீவுகளுக்குக் கடலடி வடம் ஏன் தேவைப்பட்டது?

இ. கணக்கிடுக.
40 கிகாபைட் அளவுள்ள விளையாட்டு, வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவிறங்க எத்தனை மணி நேரம் ஆகும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளை எவ்வாறு சரிசெய்தீர்கள்? செய்த செயல்களை வரிசைப்படுத்திப் பத்து வரிகளில் எழுதுக.